நாக்குக்கு ஒரு ஜோடி

என் நாக்கில் இடது பக்கம் கொஞ்சம் இல்லை. புண் வந்தது. ஆறவில்லை. கேன்சர் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்ததையும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. வலித்தது.

நாற்பது வருஷம் வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்டவன். எதனால் வந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என் சம்சாரத்தைக் கூப்பிட்டார். இனிமேல் இவர் பேச்சு முன்ன மாதிரி இருக்காது, குறையும், நீங்கதான் மனசைத் தேத்திக்கணும் என்றார். அவள் கேட்டாள்.

"குறையறதுக்கு என்னங்க இருக்குது? முன்னாடி மட்டும் பேசிக் கிழிச்சாராக்கும்?"

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் புண் குத்தும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்கள். எழுதிக் காட்டச் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் போனவன். நான் எழுதி முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார். சம்சாரத்துக்கு ரெண்டு தடவை சொன்னால் புரியும். மூன்றாவது தடவை சொல்லச் சொன்னால் நான் விட்டுவிடுவேன்.

ஆறு மாசம் கழித்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போனபோது ஒரு பொண்ணு வந்து கும்பிட்டது. மதுக்கரைப் பொண்ணு. அங்கேயே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது. வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு ஃபைல்.

"ஐயா, ஆப்ரேசன் அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? உங்க நாக்குல எடுத்ததுல ஒரு துண்டு எங்கிட்டத்தான் இருக்குதுங்க. மைனஸ் எண்பது டிகிரிக் குளுருல வெச்சிருக்கறேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அது எதற்கு என்று அந்தப் பொண்ணு நிதானமாகச் சொன்னது. உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா வேலைக்கும் எழுதி வைத்த ஒரு புத்தகம் இருக்கிறதாம். அதிலிருந்து ஒரு பக்கத்தை நகல் எடுத்து வெளியே அனுப்பும். நகலைப் பார்த்து வேலை நடக்கும். பொண்ணு ஆராய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற ரொம்பச் சின்னத் துண்டை. இருபத்திரண்டு எழுத்துத்தான் இருக்கும். தானாக எதையும் செய்யாது. நகலின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்த வேலை நின்றுவிடும்.

"வால்வு" என்றேன். பொண்ணுக்கு விளங்கவில்லை. சம்சாரம் எடுத்துச் சொன்னாள்.

தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டம். வாழை, தென்னை. சொட்டு நீர் போட்டிருக்கிறோம். வால்வு தண்ணீர் தராது. மூட மட்டும் செய்யும். ஒரு வால்வு கழன்று போனால் அந்தப் பாத்தியில் வேண்டாததெல்லாம் முளைத்து நிற்கும். இன்னொரு வால்வு மூடியே கிடந்தால் நல்ல பாத்தி காயும்.

பொண்ணு ஃபைலை மூடிவிட்டது. "அதேதானுங்க! கேன்சர்ல ரெண்டும் நடக்குதுங்க. வளர்ச்சியத் தடுக்கற சிலது கொறஞ்சு போயிருது. சிலது அளவுக்கு மேல வந்து, நல்ல காவலையே மூடிப்போடுது. ஐயா, இத நான் எங்க மீட்டிங்ல சொல்லிக்கட்டுங்களா?"

சொல்லிக்கொள்ளட்டும் என்று தலையை ஆட்டினேன்.

கழுத்துக்கு எப்படிப் போனது என்று சம்சாரம் கேட்டாள். அதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு என்றது பொண்ணு. கட்டி இந்தச் சின்னத் துண்டுகளைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகிறதாம். ரத்தத்தில் போகும், எச்சிலில் வரும். போன இடத்தில் இருக்கிற செல்லைப் பழக்கிவைத்து, பின்னால் கட்டி வந்து உட்கார இடம் செய்து வைக்கிறது என்று கண்டிருக்கிறார்களாம்.

"வீட்டுக்கு ஒறம்பர வர்றதுக்கு முன்னாடி படுக்கற பாய் வந்து சேர்ற மாதிரி" என்றாள் சம்சாரம்.

"ஆமாங்கம்மா. கூப்புடாத ஒறம்பர."

விஷயம் இனிமேல்தான். என் துண்டை மட்டும் பார்த்தால் எது கூட, எது குறைவு என்று தெரியாது. ஒப்பிட ஒரு ஜோடி வேண்டும். என் வயசு ஆண். எங்கள் ஊர்ப் பக்கம். என் அளவுக்குப் புகையிலை போட்டவர். ரத்த சொந்தம் கூடாது. சர்க்கரை கூடாது. வாயில் ஒரு வியாதியும் இருக்கக் கூடாது. என்னிடம் எடுத்த மாதிரியே அவரிடமும் கொஞ்சம் ரத்தமும் எச்சிலும் எடுப்பார்கள். மற்ற எல்லோருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. மாசக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து மெஷினில் போடுகிறார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால் என் துண்டை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்து?" என்றேன். இது விளங்கிவிட்டது.

"முறைப்படி எரிச்சுருவாங்கய்யா."

வெட்டினது வெட்டினதுதான். அது திரும்ப வராது. ஆனால் வாழைத்தாரை வெட்டினால் தண்டு, இலை, மட்டை எல்லாமே ஏதோ ஒன்றுக்கு ஆகிறது. என் நாக்கு ஒன்றுக்கும் ஆகாமல் எரிந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் கொண்டு வருகிறேன் என்றேன். பதினெட்டு நாள் இருந்தது.

எங்கள் பக்கம் புகையிலை போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தேன். தேடினால்தான் தெரிந்தது. பாதிப் பேர் பங்காளிகள். அதாவது ரத்த சொந்தம். மீதிப் பேருக்குச் சர்க்கரை. ஒருவர் பழனிக்கு மாலை போட்டபோது விட்டவர் மறுபடி தொடவே இல்லை. அவரைப் பாராட்ட வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னொருவர், "ஆஸ்பத்திரிக்குப் போனாத்தானுங்க சீக்கே வருது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் போயிற்று.

ஒருவர் பாக்கி. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருப்பவர். அவர் அப்பா கொடுமுடிப் பக்கமிருந்து வந்து நிலம் வாங்கியவர். சொந்தமில்லை. என் வயசு. என்னைவிட அதிகம் போடுகிறவர். கல்லு மாதிரி இருந்தார். அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

அவரோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு விடியக்காலம் அவர் தோட்டத்துக்குள் யானை வந்தது. மலை இருப்பது மேற்கே. கிழக்கே நின்று வெடி போட்டால் யானை மலைக்குப் போகும். இவர் மேற்கே நின்று போட்டார். யானை கிழக்கே போனது. கிழக்கே என் வாழை. கேட்டதற்கு, "நான் வெடிதான் போட்டேன், யானைக்கு வழி சொல்லுல" என்றார். அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து எங்களுக்குள் எருமை மூலமாகத்தான் பேச்சு. பொது வழியில் படல் திறந்து கிடந்தால் அவர் தன் எருமையைப் பார்த்து, "படல் தெறந்து கெடக்குதுன்னு சொல்லு" என்று சத்தம் போடுவார். எனக்குக் கேட்கும். நான் போய்ச் சாத்துவேன். அந்த எருமையை விற்றுவிட்டு வேறு வாங்கினார். அதனிடமும் சொன்னார்.

சம்சாரத்தை அனுப்பினேன். ரெண்டு வீட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்தவில்லை. திரும்பி வந்து சொன்னாள்:

"அவரே வந்து வாயத் தொறந்து கேட்டா வாரேன்னுட்டாருங்க."

போனேன். மோட்டார் ரூமுக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாய் நிறையப் புகையிலை. பக்கத்தில் எருமை கட்டியிருந்தது. நான் எருமையைப் பார்த்து நின்றேன். ரத்தம் கொஞ்சம் வேணும், எச்சில் கொஞ்சம் வேணும், இந்த மாசத்துக்குள்ள வேணும், இல்லாட்டி என்ற நாக்க எரிச்சுருவாங்க என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே மூச்சில் நான் பேசியதில் அதுதான் நீளம்.

அவர் அண்ணாந்து, சாறு சிந்தாமல், எருமையிடம் கேட்டார்.

"எத்தன மணிப் பஸ்ஸுன்னு கேளு."

ஒரே தடவையில் அவருக்கு விளங்கிவிட்டது. பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த யானை வருவதற்கு முன்னால் நாங்கள் இருபது வருஷம் ஒரே வரப்பில் உட்கார்ந்து புகையிலை போட்டவர்கள். வாயில் ஒரு உருண்டையை ஒதுக்கிக்கொண்டு பேசிப் பேசி, நாக்கு வேலை செய்யாத பேச்சுதான் எங்கள் பேச்சு. டாக்டர் வெட்டி வைத்த பேச்சுக்கு அவர் காது முன்பே பழகியிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். டிக்கெட் தனித்தனி.

ஆஸ்பத்திரியில் பொண்ணு அவர் கையில் ஒரு குழாயைக் கொடுத்து, துப்பச் சொன்னது. துப்புவது அவருக்குச் சொல்லித் தர வேண்டிய வேலையில்லை. துப்பினார். குழாய் சிவப்பாக நிறைந்தது.

"ஐயோ, ஐயா! காலைல இருந்து ஒண்ணும் போடக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனனே!"

"ஒண்ணும் திங்குலீங்க அம்மணி. வெறும் வகுறு."

"புகையில?"

"அது திங்கறதுல சேருங்களா?"

வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ரெண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும் என்றது. எங்களை வராந்தாவில் நாற்காலியில் உட்கார வைத்தது. பேச்சில்லாத ரெண்டு பேர், வாயில் போட ஒன்றுமில்லாமல், ரெண்டு மணி நேரம். அவர் கை தானாக மடியில் இருந்த புகையிலைப் பொட்டலத்துக்குப் போகும். நான் இருமுவேன். கை திரும்பி வரும். இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை எழுந்து நின்று, "எருமை இருந்தாலாவது சொல்லலாம்" என்று தூணைப் பார்த்துச் சொன்னார்.

காத்திருக்கும் நேரத்தில் பொண்ணு எங்களிடம் கேள்வி கேட்டு எழுத உட்கார்ந்தது. சம்சாரம் வரவில்லை. நான் சொல்வது அதற்கு விளங்கவில்லை. இவர் குறுக்கே வந்தார்.

"நீங்க கேளுங்க அம்மணி. நான் சொல்றேன்."

"ஐயா ஒரு நாளைக்கு எத்தன தடவை போட்டாருங்க?"

நான் சொன்னேன்.

"எட்டுங்கறாரு. பொய்யிங்க. பன்னண்டு. நான் கண்ணால பாத்தவன்."

நான் இன்னொன்று சொன்னேன்.

"இப்ப என்ன சொன்னாருங்க?"

"என்னையப் பத்தி என்னமோ சொல்றாரு. அது உங்களுக்கு வேண்டாங்க."

"வேணுமுங்களே, நீங்கதானே ஜோடி."

"நான் பதினஞ்சாமா" என்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ராத்திரி வாயில் ஒதுக்கிக்கொண்டே தூங்குவீர்களா என்று கேட்டது. நான் இல்லை என்றேன். அவர், "ஆமாங்கறாரு" என்றார். நான் மறுக்கவில்லை. உண்மை அதுதான்.

ரெண்டு மணி நேரம் முடிந்தது. துப்பினார். குழாயில் கால்வாசிகூட வரவில்லை. அது போதும் என்றது. ரத்தமும் எடுத்தார்கள். கடைசியாக ஒரு பல் டாக்டரம்மா வாயைப் பார்க்க வந்தார். இது முடிந்தால் என் துண்டு தப்பித்தது.

"மூணு வெரல ஒண்ணுமேல ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விடுங்க பாக்கலாம்."

வைத்தார். ரெண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை.

"வெரல் தடிமனுங்க. காட்டு வேல பாருங்க."

"உங்க வாய்க்கு உங்க வெரல்தாங்க அளவு. இன்னொருக்கா வெய்யுங்க."

போகவில்லை. டாக்டரம்மா டார்ச் அடித்தார். கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெளுத்து, நார் மாதிரி இறுகியிருக்கிறது என்றார். காரம் பட்டால் எரிகிறதா என்று கேட்டார். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். எரிகிறது என்று அர்த்தம்.

"இது கேன்சர் இல்லீங்க. ஆனா விட்டா அதுல போயி நிக்கலாம். இன்னையோட நிறுத்துனா நல்லதுங்க. புகையில மட்டுமில்ல, பாக்குந்தான். வாயத் தொறக்கறதுக்குப் பயிற்சி தாரேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா கண்டிப்பா வந்து காட்டணும்."

முதலில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எழுதக் கூடாது. ஆனால் வந்தது. பதினைந்து தடவை போடுகிறவனுக்கு ஒன்றுமில்லை, பன்னிரண்டு போட்டவனுக்கு நாக்குப் போயிற்று என்பது எனக்கு இத்தனை மாசமாக ஆறாமல் இருந்தது. பிறகு அவரைப் பார்த்தேன். மூணு விரலையும் அப்படியே மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷம் போய்விட்டது.

பொண்ணு தயங்கித் தயங்கிச் சொன்னது. இவர் இனி நல்ல ஆள் கணக்கில் வர மாட்டார். நோய்க்கும் நலத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. இவருடைய ரத்தமும் எச்சிலும் அதற்கு உதவும். ஆனால் எனக்கு ஜோடியாகாது.

"நடுவுல" என்றார் அவர். "பெயிலும் இல்ல, பாசும் இல்ல."

ஏழு நாள் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரெண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார். பேரூர் தாண்டியதும் கேட்டார்.

"வலிச்சுதாப்பா?"

"ம்."

"நெம்பவா?"

"ம்."

மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். பார்த்தார். ஜன்னல் வழியாக வீசினார். பின்னால் பைக்கில் வந்தவன் மேல் விழுந்திருக்க வேண்டும். அவன் அடுத்த ஸ்டாப் வரைக்கும் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வந்து எங்களைத் திட்டினான். இவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "திட்டட்டும், திட்டட்டும்" என்றார்.

இறங்கும்போது சொன்னார். "உனக்கு ஆகாமப் போயிட்டேன். ஆனா ஆள நான் புடிச்சுத் தாரேன்."

நான் தேடாத இடமில்லை என்றேன்.

"நீ என்னத்தத் தேடுன? நீ பேசி எவனுக்கு வெளங்கும்?"

மறுநாள் காலை பேக்கரியில் அவரைப் பார்த்தேன். டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, மூணு விரலைக் காட்டி, வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பாதி பன்னோடு திறந்தார். "முழுங்கிப்போட்டுத் தொறங்க" என்றார். இன்னொருவர் தேர்தல் வேலை என்று நினைத்து, மூணு விரல் எந்தக் கட்சி என்று கேட்டார். பேக்கரிக்காரர் மூணு நாள் பொறுத்தார். நாலாம் நாள் அவரிடமே வந்தார்.

"ஏனுங்க, உங்குளுக்குப் பயந்துக்கிட்டு யாரும் கடைக்கே வர்றதில்லீங்க."

"நீ வாயத் தொற மொதல்ல."

பேக்கரிக்காரருக்கு மூணு விரல் போனது. ஆனால் வயசு முப்பத்திரண்டு.

அஞ்சாம் நாள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பதினோரு வருஷத்தில் என் வாசலுக்கு வந்தது அன்றுதான். கூட இருந்தவர் தேங்காய் உரிக்கிற பாய். பள்ளிவாசல் தெருவில் வீடு. தோட்டம் தோட்டமாகப் போய்க் கடப்பாரையில் உரிக்கிறவர். எங்கள் தோட்டத்திலும் உரித்திருக்கிறார். குனிந்தே இருப்பார், முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.

"அம்பத்தெட்டு, உன்ற வயசு. பதிமூணு தடவ போடறாரு. சக்கரை இல்ல, நேத்தே டெஸ்ட் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பாய், காட்டுங்க."

பாய் வாயைத் திறந்தார். மூணு விரலை விட்டார். நாலாவதையும் விடப் பார்த்தார்.

"போதும் பாய்" என்றார் இவர். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

"ஏனுங்க, எதுக்குன்னு இன்னும் எனக்குச் சொல்லவே இல்லீங்களே" என்றார் பாய்.

சம்சாரம் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, வால்வில் ஆரம்பித்துச் சொன்னாள். பாய் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவ்வளவுதானுங்களா? நான் என்னமோ கிட்னின்னு நெனச்சேனுங்க" என்று எழுந்தார்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் மூணு பேரும் போனோம். பாய் ஒன்றும் போடாமல் வந்தார். பஸ்ஸில் இவர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து காவல். பாய் துப்பினார், குழாய் வெள்ளையாக நிறைந்தது. ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தம் என்றார். ஆனால் நிறுத்துங்கள் என்று அவருக்கும் சொன்னார். இவர் தன் வாயைக் காட்டி, என் வாயையும் காட்டி, "பாருங்க பாய், வரிசையா ஒக்காந்திருக்கறோம். நீங்க மொத, நான் நடுவு, இவரு கடசி" என்றார். பாய் சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இவர், "பஸ்ஸுல இருந்து மட்டும் வீசிராதீங்க" என்றார்.

பொண்ணு ஃபைலில் என் நம்பருக்கு எதிரே பாயின் நம்பரை எழுதியது. அது மட்டும் காலியாக இருந்த கட்டம்.

நான் ஒன்று கேட்டேன். இவர் சொன்னார்: "அந்தத் துண்டப் பாக்கணுங்கறாரு."

பொண்ணு யோசித்தது. உள்ளே விட முடியாது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நில்லுங்கள் என்றது. நின்றோம். உள்ளே போய், புகை வருகிற ஒரு பெட்டியிலிருந்து இடுக்கியால் ஒரு குழாயை எடுத்துத் தூக்கிக் காட்டியது. அடியில் ஒரு பாசிப்பயறு அளவுக்கு என்னமோ இருந்தது. நான் ஒரு சுளை அளவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இத்தினிக்கா?" என்றார் இவர். "இதுக்கா நான் பேக்கரில அத்தன பேர்த்து வாயப் பாத்தேன்?"

பொண்ணு கதவைக் கொஞ்சம் திறந்து சொன்னது. "இதுல பாதிய இடிச்சு மாவாக்கி, அதுலிருந்துதானுங்க எடுப்போம். மீதி வேற ஆராய்ச்சிக்கு இருக்கும்."

இதை வைத்து எனக்கு மறுபடி வருமா வராதா என்று தெரியுமா? கேட்டேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, ஒரு வார்த்தையும் கூட்டாமல் சொன்னார்.

"தெரியாதுங்கய்யா" என்றது பொண்ணு. "இது உங்க ஒருத்தருக்குன்னு பதில் சொல்லாதுங்க. நெறையப் பேர்த்துது சேந்தாத்தான் ஏதாவது சொல்லும். அதுக்கும் வருசமாகும்."

சரி என்றேன். அது இவர் எடுத்துச் சொல்லாமலே பொண்ணுக்கு விளங்கியது.

பொண்ணு குழாயைப் பெட்டியில் வைத்தது. அதே தட்டில் பாயின் குழாயும் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடியில் புகை படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பாய் எங்கள் ரெண்டு பேருக்கும் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயின் குழாயைப் பாய்க்கும் ஒரு தடவை காட்டச் சொல்லலாம் என்று இவர் கண்ணாடியைத் தட்டப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பொண்ணு வேலை செய்யட்டும்.